சாக்கில் அச்சடித்த கைகள்

சில மாதங்களுக்கு முன் தருமபுரியில் ஒரு கருத்தரங்கம், அமெரிக்க ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து. பேசிய நான்கு பேரும் படித்தவர்கள், போராட்டங்களில் ஜெயிலுக்குப் போனவர்கள். அவர்களுடைய நேர்மை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வியட்நாம், சிலி, ஈராக் என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, ‘அமெரிக்காவோட வெளியுறவுக் கொள்கைக்கும் நம்ம ஊர்ச் சேரிக்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தரும் பேசலியே தோழர்’ என்று கேட்டேன். தலைமை வகித்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: ‘சாதி உள்நாட்டுப் பிரச்சனை தோழர். அதை இதோட போட்டுக் குழப்ப வேணாம்.’ மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அந்த மண்டபத்துக்கு வெளியே நாயக்கன்கொட்டாய் பக்கம் போகிற பஸ் ஏறினால் நத்தம் காலனி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அதுவும் உள்நாட்டுப் பிரச்சனைதான்.

இந்த ‘உள்நாட்டுப் பிரச்சனை’ என்கிற சொல் யார் யார் வாயில் ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தூது என்பது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனது இந்தத் தகடூரிலிருந்துதான். எம்.ஏ. வகுப்பில் அந்தப் பாட்டை ஒரு மணி நேரம் நடத்தினார்கள். பாடிப் பிழைத்தவள் ஒருத்தி அரசனின் குரலாகப் போக முடிந்த காலம் அது. அதே பாணர் மரபு பிற்காலத்தில் தீண்டாமைக்குள் தள்ளப்பட்டது பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை வரவில்லை. புறநானூறு வாசிக்கக் கல்லூரியில் கற்றுக்கொண்டேன். அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை வாசிக்க எங்க அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் கையில் இருந்த பிரதி ஒரு மாவுச் சாக்கு.

அப்பா 1960-களில் ஆரம்பப் பள்ளி படித்தவர். 1965-ல் சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரி தனியாகப் பிரிந்ததே, அந்தச் சமயம். பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம், அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய அப்படித்தான். காமராசர் 1956-ல் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-லிருந்து ‘கேர்’ என்கிற அமெரிக்க அமைப்பு வழியாகப் பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் வர ஆரம்பித்தது. அப்பா சொல்வதை அப்படியே தருகிறேன்:

‘மஞ்ச மாவுல உப்புமா கிண்டுவாங்க. வாசன மூக்கத் தொளைக்கும். ஊர்ப் பசங்க திண்ணைல ஒக்காருவாங்க, நாங்க புளிய மரத்தடில. கை பட்டுடும்னு எங்க தட்டுல மட்டும் மேல தூக்கிப் போடுவாங்க, பாதி மண்ணுல விழும். சாக்குல ரெண்டு கை ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு இருக்கும். இது யாரு கை சார்னு வாத்தியாரக் கேட்டேன். ஒண்ணு அமெரிக்காக்காரன் கை, இன்னொண்ணு நம்ம கைன்னாரு. நம்ம கைன்னா யாரு கை சார்னேன். முட்டி போடச் சொன்னாரு.’

காலியான சாக்கை விலைக்கு வாங்கி எங்க ஆயா அப்பாவுக்கு டவுசர் தைத்துக் கொடுத்தது. கைகள் ரெண்டும் சரியாகப் பின்பக்கம் வந்ததாம். அதைச் சொல்லும்போது அப்பா இன்றைக்கும் சிரிப்பார்.

அமெரிக்க மக்களின் நன்கொடை, விற்கவோ மாற்றவோ கூடாது என்று அந்தச் சாக்குகளில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். சாக்கை நான் ஏளனம் செய்யவில்லை. அந்த உப்புமா இல்லையென்றால் அப்பா மூணாம் கிளாஸ் தாண்டியிருக்க மாட்டார், நானும் இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏகாதிபத்திய எதிர்ப்புத் தோழர்கள் அந்தக் கோதுமையைப் பற்றிப் பேசும்போது பசித்த வயிறு ஒன்று நடுவில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். பசித்தவனுக்குத்தான் தெரியும், அது விஷமும் இல்லை, அமுதமும் இல்லை, சோறு.

ஆனால் சோறு எந்த வழியாக வந்தது? 1954-ல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டம், தன்னிடம் குவிந்து கிடந்த தானியத்தை வெளிநாட்டில் தள்ளுவதற்கும், அதையே நட்புக்கு விலையாக்குவதற்கும் போட்ட சட்டம். 1956-ல் இந்தியா அதில் கையெழுத்துப் போட்டது. 1965-லிருந்து ஜான்சன் அந்தத் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, கயிற்றை இழுத்துப் பிடித்துத்தான் விட்டார். பீகாரில் பஞ்சம். அடுத்த கப்பல் வந்தால்தான் அடுத்த வேளை என்கிற நிலை. வியட்நாம் மீது குண்டு போடுவதை தில்லி கண்டித்தது என்பதற்காக வாஷிங்டனுக்குக் கோபம். 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76-ஆக இருந்த டாலர் 7.50 ஆனது. இதையெல்லாம் நம் இடதுசாரி நண்பர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய விமர்சனம் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை ஊர் வழியாகத்தான் சேரிக்கு வந்தது. ஹனோய் பற்றி நீ ஏன் அப்படிப் பேசினாய் என்று தில்லியைக் கேட்கத் தெரிந்த வல்லரசுக்கு, புளிய மரத்தடியில் உப்புமாவை ஏன் மண்ணில் போடுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. தன் கை பிடித்திருப்பது யார் கை என்று அது பார்க்கவே இல்லை. பார்க்க விரும்பியிருக்குமா என்பது வேறு கேள்வி.

(மரத்தடி போய்விட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. இப்போது மாவும் நம்முடையது, சாக்கும் நம்முடையது.)

தஞ்சாவூரில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 1960-61-ல் ஃபோர்டு பவுண்டேஷன் உதவியோடு தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு பவுண்டேஷன் அரசாங்கம் இல்லைதான். ஆனால் பஞ்சம் வந்தால் கம்யூனிசம் வரும் என்ற பயத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் யோசித்தன. விதை, உரம், கடன் எல்லாம் நிலம் உள்ளவனுக்குப் போனது. நிலமில்லாத பள்ளரும் பறையரும் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 பேர். பிரான்சின் ஃபிராங்கெல் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1971-ல் பசுமைப் புரட்சி பற்றி எழுதிய நூலில் தஞ்சாவூரும் வருகிறது. ஒரு அமெரிக்கத் திட்டத்தின் பக்க விளைவைப் படித்துத் தெரிந்துகொள்ள இன்னொரு அமெரிக்கப் புத்தகம் வேண்டியிருக்கிறது, நமக்கு.

புத்தகம் என்றதும் இன்னொன்று. கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாய் இங்கேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்து கிடந்தது. 1962-லிருந்து அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் போயின. இன்றைக்கு சிகாகோவில் தமிழ் நூல்கள் குவிந்திருப்பதைப் பார்த்து நம் பேராசிரியர்கள் பெருமைப்படுகிறார்களே, அதன் அடியில் கோதுமை இருக்கிறது. அந்த வருஷங்களில் கடல் தாண்டிய தமிழில் சேரியின் குரல் எவ்வளவு இருந்திருக்கும்? டி. செல்வராஜின் ‘மலரும் சருகும்’ மாதிரி விரல் விட்டு எண்ணக் கூடியவை. பூமணியின் ‘பிறகு’ 1979-ல்தான், சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-ல், பாமாவின் ‘கருக்கு’ 1992-ல். அதற்கு வெகு முன்பே, 1974-ல், மிச்சமிருந்த ரூபாயில் பெரும் பகுதியை, 1,664 கோடியை, ஒரே காசோலையாக அமெரிக்கா திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. எங்க அப்பா சாப்பிட்ட உப்புமாவின் கணக்கில் கம்பனும் வள்ளுவரும் அமெரிக்கா போனார்கள். அப்பா பஸ் ஏறி சேலம் கூடப் போகவில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

1946-ல் புதிதாகப் பிறந்த ஐ.நா. சபையில் இந்தியா ஒரு வழக்கைக் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நிறத்தின் பேரால் ஒதுக்குகிறார்கள் என்று. அங்கிருந்து வந்த ஸ்மட்ஸ் சொன்ன பதில்: இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சபைக்கு இதில் வேலை இல்லை. மனித கண்ணியம் எப்படி உள்நாட்டு விவகாரம் ஆகும் என்று விஜயலட்சுமி பண்டிட் அணி வாதாடி, டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஜெயித்தது. அமெரிக்கா அன்று பிரிட்டனோடு சேர்ந்து, விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தள்ளிவிடலாம் என்றது. ஏன் தள்ளப் பார்த்தது என்று புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நாளைக்கு இதே சபையில் தன் வீட்டுக் கறுப்பர்களும் வந்து நிற்பார்களே.

வந்தே விட்டார்கள். அதே 1946 ஜூலையில் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இந்தியாவின் தீண்டப்படாதவர் நிலைக்கும் அமெரிக்காவின் நீக்ரோ நிலைக்கும் எவ்வளவோ ஒற்றுமை இருக்கிறது, நீங்கள் ஐ.நா.வுக்கு மனுக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன், அதன் பிரதி கிடைக்குமா என்பது அதன் சாரம். அந்த மாதக் கடைசியிலேயே டுபாய்ஸ் ஆதரவாகப் பதில் எழுதினார். எனக்குத் தெரிந்து நம் ஆள் ஒருவர் உலகத்தோடு பேசிய மிக நேர்த்தியான தூது இதுதான். தபால் தலை ஒட்டி அனுப்பிய தூது. அதில் கெஞ்சல் இல்லை, வல்லரசுக்குச் சலாம் இல்லை. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவனிடம் தொழில் நுணுக்கம் கேட்கிறான்.

டுபாய்ஸ் முன்னின்று தயாரித்த மனு 1947 அக்டோபரில் ஐ.நா.வில் கொடுக்கப்பட்டது. அமெரிக்கப் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்திருந்தவர் எலினார் ரூஸ்வெல்ட். கறுப்பர் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். மனிதர்களிலே நல்லவர், மனித உரிமைப் பிரகடனத்துக்குத் தாய் என்கிறார்கள். மனுவைச் சபை முன் வைக்க மறுத்துவிட்டார். ரஷ்யாக்காரன் இதை வைத்து நம்மை அடிப்பான் என்பது காரணம். நல்லவர்கள் இப்படித்தான் நாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்த மானத்துக்கு மட்டும் எப்போதும் நம் முதுகுதான் கிடைக்கிறது.

மானம் காப்பாற்ற இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். 1951-ல் இந்தியாவுக்குத் தூதராக வந்த செஸ்டர் பௌல்ஸ் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: உங்கள் நாட்டு நீக்ரோக்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள்? 1954-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை கறுப்பு எழுத்தாளர்களையே அனுப்பிப் பதில் சொல்ல வைத்தது. 1952-ல் சாண்டர்ஸ் ரெடிங் வந்தார், 1954-ல் கார்ல் ரோவன் வந்தார். இருவரும் இந்தியப் பயணத்தைப் புத்தகமாக்கினார்கள். நிலைமை மாறிவருகிறது என்று அந்நிய மண்ணில் நின்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. அதே வருஷங்களில் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டும் டுபாய்ஸின் பாஸ்போர்ட்டும் முடக்கப்பட்டிருந்தன, இருவருக்கும் 1958 வரை வெளியே போக வழியில்லை. எந்தக் கறுப்பன் வெளியே பேசலாம், எந்தக் கறுப்பன் பேசக் கூடாது என்பதை வெள்ளை அரசு தீர்மானித்தது.

ஆனால் இந்தக் காட்சியில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. ரெடிங்கையும் ரோவனையும் மடக்கி மடக்கிக் கேட்டவர்கள் யார்? 1952-ல் கல்லூரி மண்டபத்தில், இங்கிலீஷில், எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூடியவர் எந்தத் தெருக்காரராக இருந்திருப்பார்? கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் வீட்டில் பண்ணையாள் கொல்லைப் பக்கம்தான் நின்றிருப்பான். அமெரிக்காவின் நிறவெறியைக் கண்டிப்பது இந்தியப் படிப்பாளிக்கு எவ்வளவு வசதியான முற்போக்கு! கறுப்பனுக்காக வடித்த கண்ணீரில் ஒரு சொட்டு சேரி வரைக்கும் வரவில்லை. தருமபுரி மண்டபத்தில் எனக்குக் கிடைத்த பதிலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1955 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தா ஹூஸ்டன் விமான நிலைய உணவு விடுதியில் உட்கார்ந்தார். கறுப்பர் என்று நினைத்து வேறு அறைக்குப் போகச் சொன்னார்கள். வெளியுறவு அமைச்சர் டல்லஸே மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷம் ஜூன் மாதம்தான் இங்கே தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. எங்க ஜில்லா டீக்கடைகளில் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் தனி டம்ளர் தொங்கியது. எந்த அமைச்சரும் வந்து மன்னிப்புக் கேட்டதாக ஆயா சொல்லிக் கேட்டதில்லை.

அமெரிக்காவுக்கு மட்டும் இந்த வெட்கத்தால் ஒரு நன்மை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1952 டிசம்பரில் பள்ளிப் பிரிவினை வழக்கில் அமெரிக்க அரசு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்த மனுவில், இந்த நிறப் பாகுபாடு உலக அரங்கில் நம்மைத் தலைகுனிய வைக்கிறது என்ற வெளியுறவு அமைச்சர் அச்சிசனின் கருத்தும் சேர்க்கப்பட்டது. 1954-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்கு அது மட்டும் காரணம் இல்லை, கறுப்பு மக்களின் நெடுங்காலப் போராட்டம்தான் அடிப்படை. ஆனாலும் வெளியே போய் மானத்தை வாங்கியதால் உள்ளே ஒரு கதவு கொஞ்சம் நெகிழ்ந்தது. இந்தப் பாடத்தை இந்திய அரசும் படித்துக்கொண்டது, தலைகீழாக. கதவு நெகிழ வேண்டாம் என்றால் வெளியே பேச விடாதே.

2001, டர்பன். இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. தலித் அமைப்புகள் திரளாகப் போயின. தொழிலாலும் பிறப்பாலும் வரும் பாகுபாடு என்ற வாசகம் அறிக்கையில் வரக் கூடாது என்று இந்திய அரசு ஒற்றைக் காலில் நின்றது. சாதி இனம் அல்ல, இது உள்நாட்டு விவகாரம் என்றது. 1946-ல் ஸ்மட்ஸ் சொன்ன அதே சொல், அதே தென்னாப்பிரிக்க மண்ணில், இப்போது நம் வாயில். மனித உரிமையின் காவலன் அமெரிக்கா என்ன செய்தது? செப்டம்பர் 3-ம் தேதி, இஸ்ரேலைக் கண்டிக்கும் வாசகங்களைக் காரணம் காட்டி இஸ்ரேலோடு சேர்ந்து வெளியேறியது. அடிமை முறைக்கு ஈடு கேட்கும் பேச்சும் அதற்குப் பிடிக்கவில்லை. கடைசி அறிக்கையில் நம் வாசகம் இல்லை. டர்பனுக்குப் போனவர்களை ‘அந்நியக் காசு’ என்று இங்கே சில தோழர்களே ஏசினார்கள். அமெரிக்கா விட்டுப்போன நாற்காலியைப் பற்றி அவர்கள் எழுதவில்லை.

2006 டிசம்பர் 27 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தில்லியில் ஒரு மாநாட்டில் தீண்டாமையை நிறவெறி ஆட்சியோடு ஒப்பிட்டார். இரண்டு மாதம் கழித்து ஜெனீவாவில் ஐ.நா. குழு முன் இந்திய அணி, சாதி எங்கள் உடன்படிக்கையில் வராது என்று சாதித்தது. அந்த ஜூலை 23-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இந்தியத் தீண்டாமை குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இங்கே நம் ஆட்கள் இனிப்புக் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றிருப்பேன். அது யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். அதே மாதம் 27-ம் தேதி அணுசக்திக்கான 123 ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக இரு அரசும் அறிவித்தன. அணு ஒப்பந்தம் 2008-ல் சட்டமாயிற்று. தீண்டாமைத் தீர்மானம் செனட்டைத் தாண்டவில்லை. எது சரக்கு, எது சாக்கு என்று தெரிந்துபோயிற்று. 2005-ல் குஜராத் முதல்வருக்கு விசா மறுத்ததும் 2014-ல் அவரையே பிரதமராக வரவேற்றதும் இந்த வகைதான்.

அப்படியானால் அமெரிக்காவிடம் போவதில் பயனில்லையா? எந்த அமெரிக்காவிடம் என்பதுதான் என் பதில் கேள்வி. கருஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டு 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தது, பத்து வருஷத்தில் மதுரைக்கு வந்தது. அதை எந்தத் தூதரகமும் ஏற்றுமதி செய்யவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் வந்தபோது காந்தி நினைவு நிதியின் விருந்தாளி. நேருவைப் பார்த்தார், தீண்டாமைச் சட்டத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தன்னை ‘அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகம் செய்ததையும், முதலில் சுருக்கென்று இருந்ததையும், பிறகு ஆமாம் நான் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததையும் 1965-ல் பிரசங்கத்தில் சொன்னார். அந்தச் சுருக்கைத்தான் நான் நம்புகிறேன், பாராட்டை அல்ல.

இன்றைக்கு அந்த நாட்டிலேயே சாதி போய் இறங்கிவிட்டது. 2020-ல் சிஸ்கோ கம்பெனி மீது கலிபோர்னியா அரசு சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருஷம் அக்டோபரில், கலிபோர்னியாவின் இரு அவைகளிலும் நிறைவேறிய சாதித் தடை மசோதாவை ஆளுநர் நியூசம் ஏற்கவில்லை, இருக்கிற சட்டமே போதும் என்றார். எதிர்த்து வேலை செய்தவர்கள் இங்கிருந்து போன நம் சாதி இந்துக்களின் அமைப்புகள். உள்நாட்டுப் பிரச்சனை என்கிற சொல் இனி எந்த நாட்டுக்கு உள்ளே?

2025 ஜூலை 1-ம் தேதியோடு அந்த இரண்டு கைகளைச் சின்னமாக வைத்திருந்த யு.எஸ்.எய்டு நிறுவனமே வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டது. அடுத்த மாதம் வந்த மனித உரிமை அறிக்கையும் பெரிதும் சுருங்கிவிட்டது, பாகுபாடு பற்றிய பகுதிகள் போயின. அந்த அறிக்கைகளில் நம்மைப் பற்றிய நாலு வரியைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் அடித்துப் பழகிய நம் அமைப்புகளுக்கு இப்போது கை உடைந்த மாதிரி இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். ‘நம்ம கை யாரு கைன்னு அவனும் சொல்லாமலே பூட்டானா’ என்றார்.

அடுத்த மாதம் தருமபுரியில் இன்னொரு கருத்தரங்கம் இருக்கிறது, தலைமை அதே தோழர்தான். 1946 ஜூலையில் அம்பேத்கர் எழுதிய கடிதத்தையும் டுபாய்ஸின் பதிலையும் தமிழில் எழுதி நூறு பிரதி ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். கேள்வி நேரம் வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை, வாசலில் நின்றே கொடுக்கப் போகிறேன்.